சுங்குடிக் குவில்ட்டில் தையல் தெரியாமல் இருக்க என்ன நூல்?

ஐந்து பழைய சுங்குடிப் புடவைகளில் நைந்துபோகாத பாகங்களை வெட்டி, சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைத்ததில் 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட ஒரு மேல்துணி கிடைத்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், பாட்டில் பச்சை, கருநீலம், கத்திரிப்பூ என்று ஐந்து நிறம். அதற்கு அடியில் மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு பின்துணி. இந்த மூன்று அடுக்கும் நகராதபடி மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தைப்பதுதான் குவில்ட்டிங். அதற்கு என்ன நூல் போட்டேன், ஏன் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

சில குவில்ட்டுகளில் தையலே அலங்காரம். பூவும் கொடியும் இறகுமாகத் தடித்த நூலில் ஓட்டுவார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். இந்தப் போர்வைக்கு அது ஒத்துவராது. சுங்குடி என்றாலே புள்ளி. துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்து, கட்டை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றைக்குக் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் அச்சடித்த புள்ளிகளும் நிறைய வருகின்றன. என்னிடம் இருந்த ஐந்தில் அரக்கும் கருநீலமும் கையால் கட்டியவை. அவற்றில் ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது. சிலது வட்டம், சிலது கொஞ்சம் சதுரம், சிலதற்கு நடுவில் சாயம் துளியாக ஏறியிருக்கும். இவ்வளவு கைவேலைக்கு மேலே ஒரு மெஷின் கோடு குறுக்கே ஓடினால் கண் முதலில் கோட்டைத்தான் பிடிக்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தையல் போன இடம் பள்ளமாகத் தெரியலாம், நூலாகத் தெரியக்கூடாது.

கையால் குவில்ட் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். கையோட்டுத் தையலில் நூல் ஒரு முறை மேலே வரும், ஒரு முறை கீழே போகும், நடுவில் இடைவெளி இருக்கும். மெஷின் தையல் இடைவெளியே இல்லாத கோடு. அதனால்தான் மெஷின் குவில்ட்டிங்கில் நூலின் நிறமும் தடிமனும் இவ்வளவு பேசப்படுகின்றன. மெஷின் வேலையைக் கைவேலைக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்த்த காலமும் உண்டு. 1989-இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா ஊரில் நடந்த குவில்ட் போட்டியில், காரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குவில்ட் செய்த ஒரு படைப்பு முதன்மைப் பரிசை வாங்கியது. மெஷின் வேலைக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ரவிக்கைக்கு நூல் எடுப்பது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். புடவையைப் பையில் போட்டுக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனால் லைனிங், ஃபால்ஸ், நூல் எல்லாம் ஒரே நிறத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு துணி, ஒரு நூல். குவில்ட்டில் ஒரு கோடு அரக்கில் ஆரம்பித்து, மஞ்சளில் நுழைந்து, பச்சையைத் தாண்டி, கருநீலத்தில் போய் முடியும். இதில் எந்த நிறத்துக்கு மேட்சிங் பார்ப்பது? நிறம் மாறும் இடத்திலெல்லாம் நூலை மாற்றலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவை நூலை அறுக்கும்போதும் மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. அத்தனையையும் முடிந்து உள்ளே செருகவேண்டும். போர்வை முழுக்க முடிச்சாகிவிடும். அதனால் அதிகபட்சம் இரண்டு நூல், அதற்கு மேல் போவதில்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன்.

பல நிறம் மாறிமாறி வரும் நூல்கண்டும் கிடைக்கிறது. பல நிறத் துணிக்குப் பல நிற நூல் என்றால் சரியாகத்தான் இருக்கும்போல் தோன்றும். ஆனால் நூல் நிறம் மாறும் இடமும் துணி நிறம் மாறும் இடமும் ஒருபோதும் சேர்ந்து வராது. மஞ்சள் நூல் கருநீலத்தில் விழும், நீல நூல் மஞ்சளில் விழும். தையல் தெரியவேண்டும் என்றால் அது அருமையான நூல். ஒளியவேண்டும் என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்

ஒரு நூல் துணியில் கலந்துபோகிறதா இல்லையா என்பதை நிறத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அது எவ்வளவு வெளிறியது, எவ்வளவு கருத்தது என்பதுதான். பச்சைத் துணியில் அதே அளவு கருமை கொண்ட அரக்கு நூல் போட்டுப் பாருங்கள். நான்கடி தள்ளி நின்றால் கண் அதைத் தேடத்தான் வேண்டியிருக்கும். அதே பச்சைத் துணியில் வெளிர்பச்சை நூல் போட்டால், பச்சையோடு பச்சைதானே என்று நாம் நினைத்தாலும், கோடு பளிச்சென்று நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி செல்போன். மேல்துணியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறம் போனதும் கணக்கு தெளிவாகிவிட்டது. அரக்கு, பாட்டில் பச்சை, கத்திரிப்பூ மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தன. கருநீலம் அவற்றைவிடக் கொஞ்சம் கருப்பு. மஞ்சள் மட்டும் தனியாக, வெகுதூரம் வெளிறி நின்றது. ஆக ஐந்து நிறம் என்று நான் பயந்துகொண்டிருந்தது உண்மையில் இரண்டே கூட்டம்: நான்கு கருத்த துணிகள், ஒரு வெளிர் துணி. எத்தனை நூல் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை வந்துவிட்டது.

இதில் புள்ளிகளுக்கும் பங்கு உண்டு. கருத்த துணி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருப்பதால், துணியின் நிறத்தைவிட ஒரு சாயல் வெளிறிய நூல் அவற்றுக்கு நடுவே எளிதாக மறைந்துகொள்ளும். கரும் நூல் அப்படி இல்லை, வெள்ளைப் புள்ளியைக் குறுக்கே கடக்கும் இடத்தில் பேனாவால் கிறுக்கியதுபோல் நிற்கும். ஆகவே கருத்த கூட்டத்துக்கும்கூட மிகக் கருத்த நூல் ஆகாது, நடுத்தரச் சாம்பல் பக்கம்தான் தேடவேண்டும் என்று முடிவுசெய்தேன்.

கடையில்

மதுரையில் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவந்த கடைகளில் ஒன்றில்தான் எனக்குத் தையல் சாமான் வாங்கிப் பழக்கம். மேல்துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் விரித்துப் பார்த்தார்.

"மெரூன் எடுத்துக் குடுத்துறவாக்கா? அதுதான ஜாஸ்தியா இருக்கு."

"இல்லண்ணே. யானைக் கலர், எலிக் கலர், மிலிட்டரி பச்சை மூணையும் எடுங்க. சந்தனக் கலர்லயும் ஒண்ணு."

"எலிக் கலரா? இதுல எலிக் கலர் எங்கக்கா இருக்கு?"

"துணியில இல்லண்ணே. எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு வேணும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்டுகளை எடுத்துக்கொண்டு, டியூப் லைட்டுக்கு அடியிலிருந்து என்னை வாசல்படிக்குக் கூட்டிவந்துவிட்டார். இது நம் ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம், மிகச் சரியான காரியமும்கூட. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடும். சாயங்கள் வேறு வேறு என்பதால், ஒரு விளக்குக்கு ஒன்றாகவும் இன்னொரு விளக்குக்கு வேறாகவும் தெரிவது உண்டு.

வாசலில் நான் செய்தது, கண்டைத் துணிமேல் வைத்துப் பார்க்காமல், ஒரு முழம் நூலை இழுத்து ஒற்றை இழையாகத் துணிமேல் போட்டுப் பார்த்தது. கண்டில் நூல் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும்போது ஒன்றன் நிழல் ஒன்றில் விழுந்து நிறம் ஆழமாகத் தெரியும். பிரித்து ஒற்றை இழையாக்கினால் வெளிறிவிடும். ஒரே நிறத் துணிக்குக் கண்டு ஒரு சாயல் கருப்பாகத் தெரியும்படி எடுக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஐந்து துணி சேரும் இடத்தில் இழையைக் குறுக்கே நீட்டிவைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் எந்தத் துணியில் மறைகிறது, எதில் எழும்பி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

யானைக் கலர் நீலம் கலந்த சாம்பல். கருநீலத்திலும் கத்திரிப்பூவிலும் அழகாக மறைந்தது, அரக்கில் நீலக்கோடாக எழும்பியது. மிலிட்டரி பச்சை பச்சையிலும் மஞ்சளிலும் பரவாயில்லை, கத்திரிப்பூவில் சகிக்கவில்லை. எலிக் கலர் பழுப்பு கலந்த சாம்பல். அது எந்தத் துணியிலும் சண்டைக்கு நிற்கவில்லை. அரக்கின் சூட்டுக்கும் கருநீலத்தின் குளிர்ச்சிக்கும் நடுவில் இருந்துவிட்டது. மஞ்சளில் மட்டும் தெரிந்தது. அது முன்பே எதிர்பார்த்ததுதான்.

நூல் நம்பர்

நிறத்துக்கு அடுத்தது தடிமன். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மெல்லிய நூல் துணிக்குள் புதைந்துவிடும். தடித்த நூல் மிகச் சரியான நிறமாக இருந்தாலும் துணிமேல் கயிறாகப் படுத்துக்கொள்ளும்.

நூல் நம்பர் நம் ஊருக்குப் புதிதல்ல. நெசவுக்காரர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகூட 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்று பேசும். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் பருத்தி நூலின் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். தையல் நூலில் இதோடு இன்னொன்றும் சேரும்: எத்தனை இழை முறுக்கியது என்பது. 50/2 என்றால் 50-ஆம் நம்பர் இழை இரண்டு சேர்த்து முறுக்கியது, 50/3 என்றால் மூன்று. இரண்டிலும் 50 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் தடிமன் ஒன்றல்ல.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க டெக்ஸ் என்ற அளவு உதவும். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அது டெக்ஸ். பருத்திக் கவுண்ட்டை டெக்ஸாக மாற்ற 590.5-ஐக் கவுண்ட்டால் வகுத்து, இழை எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். 50/2 சுமார் 23.6 டெக்ஸ், 50/3 சுமார் 35.4 டெக்ஸ். ஒன்றரை மடங்கு! கண்டின் மேல் 50 என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் மறைகிற நூலுக்குப் பதில் கோடு போடும் நூலோடு வீட்டுக்கு வருவோம். குவில்ட் நூல்களில் வெயிட் என்றும் ஓர் எண் போடுகிறார்கள். 40 வெயிட் என்றால் 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ, அதாவது 25 டெக்ஸ். அதுவும் எண் ஏறினால் மெலிவதுதான், ஆனால் கவுண்ட் வேறு, வெயிட் வேறு. நம் தையல்காரர்கள் சட்டைக்கும் ரவிக்கைக்கும் போடும் ஸ்பன் பாலியஸ்டர் நூலில் டிக்கெட் 120 என்று இருக்கும். அது சுமார் 24 முதல் 27 டெக்ஸ். ஜீன்ஸுக்குப் போடுவது இதைவிட நன்றாகத் தடித்தது. எண்கள் புரியாவிட்டால் இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், விரல் சொல்லிவிடும்.

(மதுரையில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ்தான் பின்னாளில் கோட்ஸ் என்ற நூல் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. தையல் நூல் வாங்க மதுரைக்காரிக்கு அலைச்சல் இருக்கக்கூடாது என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் மெல்லிய பருத்திக் குவில்ட் நூலுக்கு இன்னமும் ஆன்லைனில்தான் போகவேண்டியிருக்கிறது.)

பருத்தியா, பாலியஸ்டரா, கண்ணாடி நூலா

மூன்றாவது பளபளப்பு. எம்ப்ராய்டரிக்குப் போடும் ரேயான், பாலியஸ்டர் நூல்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நிறம் எவ்வளவு ஒத்துப்போனாலும் பருத்தித் துணிமேல் அவை மின்னும். மின்னும் நூல் மறையாது. பழைய சுங்குடியில் பளபளப்பே கிடையாது, துவைத்துத் துவைத்து மங்கி மிருதுவாகியிருக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார மங்கலான நூல்தான் வேண்டும். அந்த வகையில் பருத்தி நூலும் ஸ்பன் பாலியஸ்டரும் சரி. ஸ்பன் பாலியஸ்டர் சின்னச் சின்ன இழைத் துண்டுகளைச் சேர்த்து நூற்றது என்பதால் பருத்தி போலவே மங்கலாக இருக்கும்.

கண்ணாடி நூல் என்று ஒன்று உண்டு, நரம்பு மாதிரி ஒற்றை இழை, நிறமே இல்லாதது. வெளிர் துணிக்குத் தெளிவானது, கருத்த துணிக்குப் புகை நிறத்தது. எந்தத் துணியிலும் மறையும் என்பார்கள், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் வெயில் நேராகப் படும்போது அங்கங்கே மினுக்கும். நைலானில் செய்ததாக இருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டிக்குத் தாங்காது, நாளாக ஆகப் பழுத்து மொடமொடவென்று ஆகிவிடும். பாலியஸ்டரில் செய்தது அதைவிடச் சூடு தாங்கும். அறுத்த முனை வெளியே நீட்டிக்கொண்டால் தோலைக் குத்தவும் செய்யும். சுவரில் மாட்டுகிற குவில்ட் என்றால் தாராளமாகப் போடலாம். இது குழந்தைகள் போர்த்திக்கொள்ளப்போகும் போர்வை, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்ற பேச்சு தையல் தெரிந்தவர்களிடம் பலகாலமாக உண்டு. நல்ல வலுவுள்ள புதுத்துணியில் அதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பல வருடம் உடுத்திய புடவை வேறு. துணி பலமிழந்திருக்கும்போது நூல் அதைவிட வலுவாக இருந்தால், இழுபடும் நேரத்தில் நூல் அறுவதற்குப் பதிலாகத் துணி கிழியும். அறுந்த நூலைத் திரும்பத் தைத்துவிடலாம், கிழிந்த சுங்குடியை என்ன செய்ய? அதனால் என் சாய்வு 50/2 பருத்தி நூல் பக்கமே இருந்தது.

சாம்பிள் துண்டு

எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் தைத்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு. வெட்டியதில் மிஞ்சிய ஐந்து நிறத்தையும் பட்டைப் பட்டையாகச் சேர்த்து, அதே பஞ்சு விரிப்பு, அதே பின்துணி வைத்து ஓர் அடிச் சதுரம் தயார்செய்தேன். அடுக்கு ஒன்றுகூட வேறாக இருக்கக்கூடாது. பஞ்சு விரிப்பின் தடிமன் மாறினால் தையல் புதையும் ஆழம் மாறும், அதோடு எல்லாமே மாறும்.

அதன்மேல் ஒவ்வொரு நூலாலும் ஐந்து நிறத்தையும் கடக்கும்படி கோடு ஓட்டி, கோட்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி நூலின் பெயர், ஊசி நம்பர், டென்ஷன் (மெஷினில் நூலின் இறுக்கம்) மூன்றையும் எழுதினேன். எழுதாவிட்டால் அரைமணி நேரத்தில் எது எதுவென்று மறந்துவிடும். அப்புறம் துண்டைச் சுவரில் குத்திவைத்து ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் எல்லாத் தையலும் தெரியத்தான் செய்யும். போர்வையை யாரும் ஐந்து அங்குலத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

சுவரில் பார்த்தபோது எலிக் கலர் பருத்தி 50/2 நான்கு கருத்த துணிகளிலும் அமைதியாக இருந்தது. அதே நிறச் ஸ்பன் பாலியஸ்டர் அதற்கு அடுத்து, வித்தியாசம் கொஞ்சம்தான். பணம் யோசிக்கிறவர்கள் ஸ்பன் பாலியஸ்டரே போடலாம், நான் தடுக்கமாட்டேன். எம்ப்ராய்டரி நூல் கூரைவரை மின்னியது. மஞ்சள் பட்டையில் எலிக் கலர் ஓர் அழுக்குக் கோடாகத் தெரிந்தது. அங்கே சந்தனக் கலர் போட்டதும் கோடு காணாமலே போனது. துண்டைத் துவைத்துக் காயவைத்தும் பார்த்தேன். பஞ்சு விரிப்பு சுருங்கி, துணி லேசாகப் பொம்மியதும் நூல் இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. துவைப்பதற்கு முன் தெரிந்ததில் பாதிதான் துவைத்த பின் தெரிந்தது. துவைக்காத சாம்பிளை வைத்து எந்த நூலையும் ஒதுக்கவேண்டாம்.

ஊசி, பாபின், டென்ஷன்

என்னிடம் இருப்பது உஷா ஜானோம் மின்சார மெஷின். வழக்கமாக 14-ஆம் நம்பர் ஊசி மாட்டியிருக்கும். மெல்லிய நூலுக்கு அது பெரிது. நூல் மறைந்தாலும் ஊசி போட்ட ஓட்டை புள்ளி புள்ளியாகத் தெரியும், நெருக்கமான நெசவில் இன்னும் அதிகம். 75/11 ஊசிக்கு மாற்றினேன். 75 என்பது ஊசியின் தண்டு 0.75 மில்லிமீட்டர் என்பதைக் குறிப்பது. ஊசிக் காதில் நூல் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். புது வேலைக்குப் புது ஊசி. மழுங்கிய ஊசி பழைய துணியில் இழையை இழுத்துவிடும்.

மேல்நூலுக்கும் பாபினுக்கும் (அடியில் கீழ்நூலைச் சுற்றிவைக்கும் சின்ன உருளை) ஒரே நூல், ஒரே நிறம். இதை அழுத்திச் சொல்லவேண்டும். மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம் என்று வைத்தால், டென்ஷன் இம்மி விலகினாலும் கீழ்நூல் மேலே புள்ளியாக எட்டிப்பார்க்கும். சரியாக அமைந்த தையலில் இரண்டு நூலும் நடுவில், பஞ்சு அடுக்குக்குள் பின்னிக்கொள்ளும். ஆனால் போர்வை முழுக்க, திரும்பும் இடம், தடித்த இணைப்பு எல்லாவற்றிலும் அது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே நிறமாக இருந்தால் எட்டிப்பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

மெல்லிய நூலுக்கு மேல் டென்ஷனைக் குறைக்கவேண்டும். வழக்கமாக 4-இல் இருப்பதை 3-க்கும் கீழே கொண்டுவந்தபோது முடிச்சு உள்ளே இறங்கியது. பாபின் கேஸ் திருகை நான் தொடவில்லை. மேலே சரிசெய்து வராதபோதுதான் அதைத் தொடவேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் கூடாது.

தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். இதைவிடப் பொடியாகப் போட்டால் நூல் குவிந்து கோடு கனத்துவிடும். நீளமாகப் போட்டால் ஒவ்வொரு தையலும் துணிமேல் படுத்துக்கொண்டு தனித்தனியாகத் தெரியும். நேர்கோடுகளுக்கு வாக்கிங் ஃபுட் மாட்டிக்கொண்டேன். மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்துவது அது. இல்லாவிட்டால் மேல்துணி சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் நூலைவிட அதிகமாகக் கண்ணில் படும்.

பின்துணி

முதலில் காடாத் துணி போடுவதாகத்தான் எண்ணம். மலிவு, மிருது, துவைக்கத் துவைக்க நன்றாக ஆகும். ஆனால் வெளிறிய வெற்றுத் துணியில் எலிக் கலர் பாபின் நூல் ஒவ்வொரு தையலையும் எடுத்துக்காட்டும். பின்பக்கம் சந்தனம், மேல்பக்கம் எலி என்று வைத்தால் மேலே சொன்ன புள்ளிப் பிரச்சினை. சாம்பிளிலேயே இது தெரிந்துவிட்டதால், சாம்பலும் பழுப்பும் சந்தனமும் கலந்த சின்னச் சின்னப் பூப்போட்ட பருத்தித் துணி வாங்கிப் பின்னால் வைத்து, சாம்பிளையும் அதே துணியில் திரும்பத் தைத்துப் பார்த்தேன். நெருக்கமான பூ அச்சில் எந்த நூலும் ஒளிந்துகொள்ளும். புதுத்துணி என்பதால் தைப்பதற்கு முன் ஊறவைத்துச் சுருக்கம் எடுத்துவிட்டேன்.

தைத்தது

மஞ்சள் சதுரங்களை என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. போர்வை முழுக்க 2 அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கோடு ஓட்டுவதாக இருந்தால் எல்லாக் கோடும் மஞ்சளைக் கடக்கும். அதனால் திட்டத்தை நூலுக்கு ஏற்ப மாற்றினேன். சதுரங்களைச் சேர்த்த இணைப்புகளின் மேலேயே எலிக் கலரில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் கோடுகள். கருத்த சதுரங்களுக்குள் அதே நூலில் உள்கட்டம். மஞ்சள் சதுரங்களுக்குள் மட்டும் சந்தனக் கலரில் தனியாக, ஓரிடத்தில் ஆரம்பித்து நூலை அறுக்காமல் சுற்றிச் சுற்றி உள்ளே போய் முடியும் ஒரு சதுரச் சுருள். மஞ்சள் சதுரம் ஒன்றுக்கு ஓர் ஆரம்பம், ஒரு முடிவு, அவ்வளவுதான் முடிச்சு.

இணைப்பின் மேல் தைக்கும்போது ஒரு நுணுக்கம். இணைப்பின் உள்மடிப்பு இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டிருந்தால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். தாழ்ந்த பக்கத்தில், மேட்டை ஒட்டியபடி தைத்தால், ஊசி போனபின் மேட்டுத்துணி நூலின் மேல் சாய்ந்து மூடிக்கொள்ளும். மஞ்சள் வரும் இணைப்புகளிலெல்லாம் மடிப்பை மஞ்சள் பக்கமாகச் சாய்த்திருந்தேன். அதனால் எலிக் கலர் கோடு கருத்த துணியில் விழுந்தது, மஞ்சளில் விழவில்லை. வெளிர் துணிக்கு அடியில் கருத்த மடிப்பு நிழலாகத் தெரியும் என்று சிலர் கருத்த பக்கமாகத்தான் சாய்ப்பார்கள். இந்த மஞ்சள் அடர்த்தியான துணி, அடியில் இருப்பது வெளியே தெரியவில்லை.

முனைகளை மெஷினில் முன்னும் பின்னும் ஓட்டி முடிக்கவில்லை. அப்படி ஓட்டினால் அந்த இடத்தில் நூல் மூன்று மடங்கு சேர்ந்து ஒரு கறுத்த கட்டியாக நிற்கும், இவ்வளவு தேடி எடுத்த நூலுக்கு அர்த்தமே இருக்காது. நான்கு விரல் நீளம் நூல் விட்டு அறுத்து, மேல்நூலைப் பின்பக்கம் இழுத்து, இரண்டையும் சேர்த்து முடிந்து, கையூசியில் கோத்து, பஞ்சு அடுக்குக்குள் ஓர் அங்குல தூரம் ஓட்டி வெளியே எடுத்து நறுக்கினேன். முடிச்சைச் சுண்டி இழுத்தால் துணிக்குள் இறங்கிவிடும். இதற்கு நேரம் ஆகும். மாலை வேளையில் வானொலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை.

பருத்தி நூல் பஞ்சு உதிர்க்கும். பாபின் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பாபின் கேஸைக் கழற்றித் தூரிகையால் தட்டிவிட்டேன். அங்கே பஞ்சு சேர்ந்தால் டென்ஷன் கெட்டு, கீழ்நூல் மேலே வர ஆரம்பிக்கும்.

நூல் எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60-க்கு 80 போர்வையில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் மொத்தம் ஏறக்குறைய 4,700 அங்குலம், அதாவது சுமார் 120 மீட்டர் தையல். அடுக்கின் தடிமனில் ஏறி இறங்குவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 150 மீட்டர், அது மேல்நூலுக்கு மட்டும். பாபினுக்கு அதே அளவு. ஆக 300 மீட்டர், முனைகளுக்கும் சாம்பிளுக்கும் கொஞ்சம் கூட. எல்லாவற்றையும் ஒரே லாட்டில் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். ஒரே ஷேட் நம்பராக இருந்தாலும் சாய லாட் மாறினால் சாயல் மாறும், மறைகிற நூலில் அது தெரிந்துவிடும்.

போர்வையை முடித்து ஒரு தடவை துவைத்தாயிற்று. கருத்த சதுரங்களில் புள்ளிகள் மட்டும்தான் தெரிகின்றன. கையை வைத்துத் தடவினால்தான் கட்டம் இருப்பது தெரிகிறது. மஞ்சள் சதுரங்களில் சுருள் லேசான நிழலாக விழுந்திருக்கிறது, சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும். இன்னும் ஓரப்பட்டை வைக்கவில்லை. மிச்சமிருக்கும் அரக்குப் புடவையின் கரையை 2.5 அங்குலப் பட்டையாக வெட்டி மடித்து வைக்கப்போகிறேன். அது முழுக்க ஒரே நிறம், அதற்கு மட்டும் அரக்கு நூல்.